கங்காணியாக இருந்த நாற்பது நாள்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்து, நான் வந்ததும் நிறுத்தினால், பேச்சு என்னைப் பற்றித்தான். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தால், நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். இப்படி ஒரு மண்டையை வைத்துக்கொண்டு நான் கங்காணி ஆனேன். விளங்குமா?

இலங்கையில் தெஹியோவிட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை ஏறிக்கிடந்த காலம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் கூட்டத்துக்குச் சில்லறைக் கங்காணியாக இருந்தவர் ஊருக்குப் போனார், கடல் தாண்டித் திரும்பி வரவே இல்லை. பால் வெட்டுகிற பதினான்கு பேருக்கு மேலே ஓர் ஆள் வேண்டும். கணக்கப்பிள்ளை எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார்.

"ஒனக்குத் தொண்ட இருக்கு. நீயே பாரு" என்றார்.

அவ்வளவுதான் என் தகுதி. பழைய கங்காணி விட்டுப்போன கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. தோள் பக்கம் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு கையில் ஒரு பிரம்பையும் பிடித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், கத்தினேன். மரத்தில் கீறல் ஆழமாக விழுந்தால் கத்துவேன். பால் வடிகிற சிரட்டை சாய்ந்திருந்தால் கத்துவேன். பதினான்கு பேரில் பதினோரு பேர் பெண்கள். அவர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "எதிர்ப்பேச்சு வேணாம், சொன்னதச் செய்" என்று அடக்கிவிடுவேன். ஒரு வாரத்தில் கூட்டம் வாயை மூடிக்கொண்டது. ஆகா, நம் சொல்லுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கக்கேடு, நான் அப்படித்தான் நினைத்தேன்.

பேச்சு நின்ற பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. பேசாமல் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து நானே கதை கட்டிக்கொண்டேன்.

அதிலும் ஒருத்தி மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே கண். நாற்பது வயதுக்காரி. எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு வருடம் முன்னால் வந்து சேர்ந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள், நிறைமாதம். மகளைக் கட்டியவன் ஊருக்குப் போயிருந்தான், தகவல் இல்லை. ஒற்றை அறைகளை ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசிக் காம்பராவில் தாயும் மகளும் மட்டும். இவள் சிங்களம் தண்ணீர் பட்டபாடாகப் பேசுவாள். தோட்டத்து எல்லையில் கிராமத்துப் பெண்களோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவாள். எனக்குச் சிங்களம் அரையும் குறையும். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் என் கோட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றும்.

மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டினால் லயத்தில் எல்லாம் சுத்தம்தான். கவிச்சி கிடையாது, தரை மெழுகி, பானை சட்டியெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். எல்லாம் மணக்கிற அந்த வாரத்தில் பால் வாளிகள் மட்டும் நாறும். ரப்பர் பால் நாள்பட்டு ஒட்டிக்கிடக்கும் வாளி இருக்கிறதே, அதன் பக்கத்தில் செத்த எலி தோற்றுப்போகும். கரகம் வாசலுக்கு வரும்போது அந்த நாற்றம் அடிக்கலாமா? நான் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய்ப் பெரிய உருண்டையாகப் புளி வாங்கி வந்தேன். பதினான்காகப் பிய்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். "காப்பு அவுக்கிற வரைக்கும் தெனமும் கரைச்சு வாளியில ஊத்தி ராப்பூரா ஊற வைங்க, காலையில பாருங்க" என்றேன். அம்மன் பேரைச் சொன்னதால் யாரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் பெரட்டுக்களத்தில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற அந்த மைதானத்தில், பதினான்கு வாளியும் வரிசையாகப் பளிச்சென்று நின்றன. கணக்கப்பிள்ளை, "பரவாயில்லியே" என்றார். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் பால் திரிந்தது.

ரப்பர் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை தண்ணீராக இருக்க வேண்டும். அங்கேதான் தட்டில் ஊற்றி, அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். வழியிலேயே கட்டி தட்டிப்போனால் ஷீட் போட முடியாது, மட்டமான ஒட்டுப்பாலோடு சேர்த்துத் தள்ள வேண்டியதுதான். எங்கள் கூட்டம் கொண்டுவந்து ஊற்றிய பால் சல்லடையில் இறங்கவே இல்லை. கொழகொழவென்று கட்டியாக விழுந்தது. ஸ்டோர்க்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மற்றக் கூட்டங்களின் பால் நன்றாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து இறங்கி, வாளிக்குள் கையை விட்டுக் கட்டியை எடுத்துத் தரையில் அறைந்தார். யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள், கண்டுபிடி, இல்லையென்றால் கூட்டத்தையே கலைத்துவிடுவேன் என்று கணக்கப்பிள்ளை மூலம் எனக்குச் சொன்னார்.

என் சந்தேகப் புத்திக்கு அப்போதுதான் சரியான வேலை கிடைத்தது. சந்தோஷமாகவே கிளம்பினேன் என்று சொல்ல வேண்டும். சிரட்டைகளை முகர்ந்து பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், அட்டை கடிக்கக் கடிக்க நின்றேன். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பிந்தி வருகிறார்கள், யார் என்னைக் கண்டு தலையைக் குனிகிறார்கள், எல்லாம் பார்த்தேன். எல்லாருமே தலையைக் குனிந்தார்கள்! இரண்டாம் நாள் சாயங்காலம் வேறு, அந்த எஹலியகொடைக்காரி என் காம்பரா வாசலில் வந்து சும்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி. "என்ன, வேவு பாக்க வந்தியா? போ, போ" என்று விரட்டினேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் மடியைச் சோதிக்கச் சொன்னேன். அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு கை கொறக்கா. கறுப்பாகக் காய்ந்த சுளைகள். சிங்களவர் கறிக்குப் போடுகிற புளிப்பு. வேலியில் சிரித்துச் சிரித்து வாங்கியது இதுதானா?

"புளிப்பு பட்டா பால் திரியும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்று பதினான்கு பேருக்கும் கேட்கக் கத்தினேன். சத்தியமாக நான்தான் இதைச் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டார்கள், முழிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கொறக்காவைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டாள். அந்த மௌனமே எனக்குப் போதுமான சாட்சி.

கணக்கப்பிள்ளையிடம் ஓடினேன். அவர் துரையிடம் போனார். தீர்ப்பு அரை மணி நேரத்தில் வந்தது. உடனே அவளை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. சனிக்கிழமை காலைப் பெரட்டில் பத்துச்சீட்டு. அது கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கே காம்பராவைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தை விட்டு நடக்க வேண்டும். நிறைமாத மகளோடு எங்கே நடப்பாள் என்று நான் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒரு காம்பரா காலியாவுது. ஒங்க அண்ணன் குடும்பம் கப்பலேற மண்டபம் கேம்புல வந்து நிக்குதுன்னியே, கொண்டாந்து வையேன்" என்றார். எனக்கு மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மலைக்கு வேலைக்கு வரவில்லை. அவளுடைய மரங்களில் வேறொருத்தி பால் வெட்டினாள். மத்தியானம் பால் திரிந்தது.

இதைப் பார்த்துவிட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! அவளுக்குக் கூட்டாளி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் மனைவியிடம் சொன்னேன்.

"கூட்டுக் களவாணி ஒருத்தி இருக்கா. நாளைக்குள்ள புடிச்சிருவேன்."

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். "களவாணி இருக்கு. யாருன்னு நான் சொல்லவா?"

"ஒனக்குத் தெரியுமா? சொல்லு."

"நீங்கதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் விடவில்லை. "புளி வாங்கியாந்தது யாருங்க? ராப்பூரா ஊற வைன்னது யாரு? விடியக்காலம் பீலியில தண்ணி நூல் மாதிரி வடியுது. பதினாலு பேரும் வரிசையில நின்னு வாளியக் கழுவிட்டுப் பெரட்டுக்கு எப்ப வர்றது? பிந்துனா அரைப் பேரு போட்டு அரை நாள் கூலிய வெட்டுறீங்க. புளித்தண்ணியக் கவுத்துட்டு அப்படியே தூக்கிட்டு ஓடியாருதுங்க. பாலு திரியாம என்னா செய்யும்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கழற்றப் போன கோட்டு ஒரு கையில் அப்படியே தொங்கியது.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும்."

"பின்ன ஏன் ஒருத்தியும் சொல்லல?"

"சொல்ல வந்தாளே அந்தக்கா! அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாளே, எதுக்குன்னு நெனச்சீங்க? வேவு பாக்க வந்தியான்னு நாயை விரட்டுற மாதிரி விரட்டுனீங்க. அதுக்கப்புறம் யாருங்க வருவா?"

"மத்தவளுங்க வந்திருக்கலாமுல்ல?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மத்தவளுங்க வேற மாதிரி பேசுறாளுங்க. நீங்க தெரிஞ்சேதான் புளி குடுத்தீங்களாம். யாராச்சும் ஒருத்தி தலையில பழியக் கட்டி வெளிய தள்ளிட்டு, அந்தக் காம்பராவுல ஒங்க அண்ணன் குடும்பத்தக் குடிவைக்க வேல செஞ்சீங்களாம். அதான் வாயத் தொறக்க பயப்படுறாளுங்க. தொறந்தா அடுத்தது அவங்க காம்பரா."

"சீ! நீயும் அப்படியா நெனச்ச?"

அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த அத்தனை நாளும், ஊர் முழுக்க என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என் வீட்டுக்குள்ளேயே. அவர்கள் சொன்னது பொய் என்று எழுந்து கத்தத்தான் நினைத்தேன். ஆனால் கணக்கப்பிள்ளை காம்பராவைப் பற்றிச் சொன்னபோது மனசுக்குள் குளுகுளுவென்று இருந்ததே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? புளி கொடுத்தபோது எனக்கு அந்த எண்ணம் இல்லை. அவளைக் கை காட்டியபோது? இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது சொன்னால் கங்காணி வேலை போகும். அண்ணன் குடும்பத்துக்கு இடமும் போகும். சொல்லாவிட்டால் விடிந்ததும் அந்தப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் நிற்பாள்.

சனிக்கிழமை காலை. பெரட்டுக்களத்தில் தாயும் மகளும் ஓரமாக நின்றார்கள். மகளால் நிற்க முடியவில்லை, தாய் அவளை ஒரு கல்லில் உட்கார்த்தி வைத்திருந்தாள். துரை மேசைக்குப் பின்னால். கணக்கப்பிள்ளை கையில் சீட்டு. நான் அவர் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்.

"ஐயா, அவ செய்யல. புளி குடுத்தது நானு. துரைகிட்டச் சொல்லுங்க."

அவர் உதடு அசையாமல் பேசினார். "வாய மூடிட்டு நில்லு. ஒந்தலையோட என் தலையும் உருளும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா திடீர்னு கரிசனம்? அவளுக்கும் ஒனக்கும் ஏதாச்சும்...?"

பக்கத்தில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. உண்மையைச் சொல்ல வந்தால் அதற்கும் ஒரு சந்தேகம்! இப்படித்தானே நானும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

துரை, "என்னா அங்கே?" என்றார்.

அடுத்த மலைக்குக் கேட்கிற தொண்டை என்னுடையது. அதற்காகத்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது. அன்றைக்கு வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். "துரைங்களே, இந்தக்கா மேல தப்பில்ல. தப்பு என் மேல." அவளை அக்கா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

புளி வாங்கியது, ஊற வைக்கச் சொன்னது, கழுவ நேரம் விடாதது, ஒருவரையும் பேச விடாதது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன அவ்வளவையும் கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் நாலே சொல்லில் முடித்தார். என்ன சொன்னாரோ! துரையின் முகம் சிவந்தது, சீட்டை நீட்டச் சொல்லிக் கை காட்டினார். இந்த மனுஷன் மாற்றிச் சொல்லிவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. அது சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்தது. நான் ஓடிப்போய் இரண்டு வாளியைத் தூக்கி, ஒன்றை மட்டும் பீலியில் நன்றாகக் கழுவிக் கொண்டுவந்து, துரையின் மேசை முன்னால் வைத்தேன். ஒன்றைக் காட்டி, "இதுல புளி" என்றேன். மற்றதைக் காட்டி, "இது கழுவுனது. ஒரே மரத்துப் பாலு ரெண்டுலயும் ஊத்துறேன். மத்தியானம் வந்து துரைங்களே பாருங்க" என்றேன். கையாலும் காட்டினேன். துரை தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் அறிந்தவர். வாளிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டைக் கீழே வைக்கச் சொன்னார்.

அன்றைக்கு நானே பால் வெட்டினேன். நான் ஏதோ புதுத் தந்திரம் செய்கிறேன் என்றுதான் அத்தனை கண்களும் பார்த்தன. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய பார்வைதான்.

மத்தியானம் ஸ்டோரில் துரை ஒரு குச்சியை எடுத்து முதல் வாளியில் விட்டார். மொத்தப் பாலும் கொழுக்கட்டை மாதிரிக் குச்சியோடு கிளம்பி வந்தது. இரண்டாவது வாளியைச் சாய்த்தார். தண்ணீராக ஓடியது. துரை சிரித்தார், கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றுகிற சிரிப்பு. சீட்டை வாங்கிக் கிழித்தார். பிறகு என் கோட்டைச் சுட்டிக் காட்டிக் கழற்று என்றார். கழற்றினேன். பிரம்பையும் வைத்தேன். நாளையிலிருந்து நானும் பால் வெட்ட வேண்டும், வேறு ஒருவர் கங்காணி. கணக்கெடுத்துப் பார்த்தால் சரியாக நாற்பது நாள்.

ஸ்டோரை விட்டு இறங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, பதினான்கு பேர் முன்னால் உண்மையைச் சொன்னோமே, ஒரு குடும்பத்தை ரோட்டில் விடாமல் காப்பாற்றினோமே என்று. அந்தப் பெருமையோடேயே நேராகக் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். அவள் கண்ணீரோடு கும்பிடுவாள், நான் "அதெல்லாம் வேணாங்க்கா" என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் வாசலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே படுத்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, எல்லாம் சரியாயிருச்சு. தொரைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"கேட்டேங்க" என்றாள். அடுப்பை ஊதினாள். நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தொரைகிட்டச் சொன்னீங்க. அதுக்கு முந்தி கணக்கப்பிள்ளைகிட்டச் சொன்னீங்க. அதுக்கு முந்தி மலையில அத்தன பேருக்கும் கேக்கச் சொன்னீங்க. எல்லார்கிட்டயும் பேசுனீங்க. 'நீ செஞ்சியா'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?"

மரத்துக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றவன், சிரட்டை சிரட்டையாக முகர்ந்தவன், மடியை அவிழ்க்கச் சொன்னவன். அந்த இரண்டு சொல்லை நான் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்று தோன்றக்கூட இல்லை.

"தப்புதாங்க்கா" என்றேன். "இப்பக் கேக்குறேன்."

"இப்ப எதுக்குங்க?" என்றாள். "இப்பத்தான் ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே."

சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கி, மகளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.